பதினாலாம் கேள்வி

நாளுக்கு மூவாயிரம், சாப்பாடு தனி.
மாங்குளம் சந்தியில் வெள்ளை வானில் ஏறும்போது
கையில் தந்தார்கள்
ஒரு டப்லெட், ஒரு தொப்பி, ஒரு குடிதண்ணீர்ப் போத்தல்.
வேட்பாளரின் படம் எதிலும் இல்லை.
"நாங்கள் கட்சி இல்லை, ஆய்வு" என்றார் ஹென்ரிக்.
எந்த நாடு என்று கேட்டேன்.
போன மாதம் வேறொரு நாட்டில்
வேறொரு சனாதிபதி என்றார்.

முரிகண்டியில் எல்லாரையும்போல இறங்கினார்,
கச்சான் வாங்கினார்,
தேங்காய் உடைப்பவர்களை எண்ணினார்.
எண்ணுவது அவருக்கு ஒரு வருத்தம் மாதிரி.

இருபத்திரண்டு கேள்விகள்.
தமிழாக்கியது நான்தான்.
நம்பிக்கை என்ற சொல்லை
ஒன்றிலிருந்து ஐந்து வரை துண்டு போட்டேன்,
பாண் வெட்டுவதுபோல.

அக்கராயனில் ஒருவர்
எல்லாவற்றுக்கும் மூன்று என்றார்.
"நடுவில நிண்டவனுக்குத்தான்
ரெண்டு பக்கத்தாலயும் விழுந்தது, தெரியும்.
எண்டாலும் மூண்டையே போடு பிள்ளை,
பழகிப்போச்சு."

அளம்பிலில் வலை பொத்திக்கொண்டிருந்த மனிசி
நிமிரவேயில்லை.
"கரை வருசம் வருசம் உள்ளுக்கு வருது.
அதுக்கு எத்தினை போடுவாய்?"
திரையில் அதற்கொரு கட்டம் இருக்கவில்லை.
'கருத்தில்லை' என்பதைத் தொட்டேன்.
அன்று மட்டும் நாற்பத்தொரு பேருக்குக் கருத்தில்லை.

பதின்மூன்றாவது உர மானியம்.
பதினைந்தாவது அரசகரும மொழி.
இடையில் ஒன்று:
கடற்கரை மணலை வெளிநாட்டுக் கம்பனியொன்று
அள்ளிச் சென்றால் உங்கள் வாக்கு மாறுமா?
ஆங்கிலத்தில் அதன் எழுத்துரு வேறு.
யாரோ பிறகு ஒட்டிய வரி.
கண்டேன்.
மற்றவற்றோடு ஒத்துப்போகும்படி
எழுத்துருவை மாற்றிவிட்டேன்.
சுத்தமாகச் செய்தாய் என்று பாராட்டினார்கள்.

அவர் தோற்றார்.
தோற்றவரின் ஆட்களைத்தான் விசாரிப்பார்கள்.
சிங்களத்தில் ஒரு கடிதம் விதானை கையால் வந்தது.
வேட்பாளரின் பெயருக்குக் கீழே ஆலோசகர்கள்,
அவர்களுக்குக் கீழே முகவர்கள்,
கடைசி வரியில் சி. தர்மினி, மல்லாவி.

கொழும்பில் எத்தனையாம் மாடி என்று அம்மா கேட்டா.
ரெண்டாவது என்றேன்.
"அப்ப பரவாயில்லை" என்று
உடுப்பு மினுக்கித் தந்தா.

அதிகாரி மரியாதையானவர்.
தேத்தண்ணி தந்தார், சீனி கேட்டுப் போட்டார்.
காசு எங்கிருந்து வந்தது தெரியுமா என்றார்.
வானிலிருந்து என்றேன்.
மொழிபெயர்ப்பாளர் என்னத்தைச் சொன்னாரோ,
இருவரும் கூரையைப் பார்த்தார்கள்.
வெள்ளை வான் என்று திருத்தினேன்.
அது இன்னும் மோசம்.
ஒருவரும் எழுதவில்லை.

பிறகு ஒரு பற்றுச்சீட்டைத் திருப்பிக் காட்டினார்.
பத்தொன்பது நாளுக்கு
ஐந்து இலட்சத்து எழுபதினாயிரம்.
நான் வாங்கியது ஐம்பத்தேழாயிரம்.
ஒரேயொரு சைபர்.
யாரோ பிறகு ஒட்டியது,
ஆனால் இம்முறை
மற்ற இலக்கங்களோடு அச்சொட்டாக ஒத்திருந்தது.
கீழே என் ஒப்பம்,
'தர்'இல் பேனை நின்று தொடங்கிய அதே தடுமாற்றம்.

பணம் அனுப்பிய கம்பனிக்கு
ஏதோ ஒரு தீவில் தபால் பெட்டி இலக்கம் மட்டும் இருக்கிறதாம்.
ஹென்ரிக் எங்கே என்று கேட்டேன்.
"கேள்வி கேட்பது நாங்கள்" என்றார்,
கோபமில்லாமல்.
வாக்குமூலம் பதினொரு பக்கம், சிங்களத்தில்.
எல்லாப் பக்கத்திலும் ஒப்பமிட்டேன்.
பதினாலாம் கேள்வியைப் பற்றி
அவர்களும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

போன கிழமை ஓர் அழைப்பு.
வென்றவரின் பக்கம்; அப்படிச் சொல்லவில்லை,
ஆய்வு என்றார்கள்.
உங்கள் அனுபவத்தை அறிவோம்,
நாளுக்கு நாலாயிரத்து ஐந்நூறு.
கேள்விகளை அனுப்பச் சொன்னேன்.

மணல் இப்போது ஒன்பதாவது.
எழுத்துரு சரியாக இருக்கிறது.
என் பழைய தமிழ் வரி,
ஒரு எழுத்துப் பிசகாமல்.

கிணற்று மோட்டர் எரிந்து எட்டு நாள்.
அம்மா வாளியால் அள்ளுகிறா.
பதிலை நாளைக்குள் தரட்டாம்,
ஆம் அல்லது இல்லை.
மூன்றாவது கட்டம் இருக்கிறதா என்று
மேலும் கீழும் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.